ஒரு கால் எஞ்சினில், ஒரு கால் டெண்டரில்

(திருச்சி பொன்மலையில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், கைதட்டலை மட்டும் விட்டுவிட்டேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே, மூன்று முறை கடிதம் கொடுத்தும் முகம் சுளிக்காமல் இந்த அறையைத் திறந்துவிட்ட கிளை நூலகர் அவர்களே, ஒலிபெருக்கி வைத்த தம்பி, முன்வரிசையில் இருக்கும் என் ரயில்வே நண்பர்கள், கடைசி வரிசையில் செல்போனைப் பார்த்தபடியே என்னையும் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் எழுத்தாளர்கள், எல்லோருக்கும் வணக்கம். வார்டு உறுப்பினர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இணையத்தில் புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளில் காதல், அடையாளம், ஆங்கிலோ இந்திய மரபு. இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதலில் காதல், அப்புறம் அடையாளம், கடைசியில் மொழிநடை. துண்டுச் சீட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

என் பாட்டி யாரைப் பற்றிப் பேசினாலும் ஒரு பழமொழியை இழுப்பாள். 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.' முடிவெடுக்கத் தெரியாதவன், இரண்டுங்கெட்டான் என்று திட்டுவதற்குச் சொல்வது. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைப் பற்றியும் அதையேதான் சொன்னாள். 'சட்டைக்காரங்க' என்பாள். அந்தச் சொல்லில் இருந்த இளக்காரம் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு என் பேத்தி செல்போனில் பிரதிலிபி, வாட்பேடு என்று கதை படிக்கும் செயலிகளைப் போட்டுக்கொடுத்தாள். தொடர்கதைகளாகப் படித்துத் தள்ளினேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். இரவு பதினொரு மணிக்குமேல் ஒரு அத்தியாயத்தை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவர்கள். அவர்களைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் கதாநாயகி ஆங்கிலோ இந்தியப் பெண் என்றால் எனக்குக் கதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பூனைக்கண், முழங்கால்வரை கவுன், குடிக்கிற அப்பா, எதற்கெடுத்தாலும் 'என்ன மேன்'. பத்தாவது அத்தியாயத்தில் பரணில் ஒரு பெட்டி கிடைக்கும். இருபதாவதில், இங்கிலாந்தில் பாட்டனாருக்கு ஒரு மாளிகை இருந்தது என்று தெரியவரும். கடைசியில் கதாநாயகனின் அம்மா பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துவிட்டால் சுபம். சரி, அவளுடைய அம்மா எங்கே? அவள் வீட்டில் என்ன சமைத்தார்கள்? அப்பா எந்த ரயில் ஷெட்டில் வேலை பார்த்தார்? ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சின்னதுதான்.

1971. மீட்டர்கேஜ், நீராவி எஞ்சின். எங்கள் டிரைவர் ஆங்கிலோ இந்தியர், ஆறடி உயரம். அவருக்குக் கீழே, எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக ஒரு தமிழ்ப் பையன். எந்த ஃபயர்மேன் என்று கேட்காதீர்கள். என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பையனுக்கு டிரைவரின் மகள்மேல் பிரியம். பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய்க்காரியிடம் அந்தப் பெண் பேரம் பேசுவதைக் கேட்டுத்தான் வந்த பிரியம். அப்படி ஒரு தமிழ்! நம் வீட்டுப் பெண்கள் அவளிடம் பாடம் படிக்க வேண்டும். இவனும் நம்பி, நாலு பக்கத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அங்கேதான் வினை. அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கவில்லை. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கிடக்கும் தினத்தந்தியை எழுத்துக் கூட்டிக் கூட்டியே தமிழ் கற்றுக்கொண்டவர். ஆமாம், அப்பா.

கடிதம் என்ன என்று அவளுக்கும் தெரியாது. பாலுக்குக் கணக்கோ, சங்கத்து நோட்டீஸோ என்று நினைத்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் நீட்டியிருக்கிறாள். மஞ்சள் சோறும் பால் கறியும் மேசைமேல். பால் கறி என்றால் பால் ஊற்றிய கறியல்ல, இங்கிலீஷ் 'பால்', அதாவது உருண்டை; நம் கோலா உருண்டைக் குழம்பு. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'என் உயிரினும் மேலான' என்று குடும்பத்துக்கே சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்.

மறுநாள் விழுப்புரம் பாசஞ்சர். பையனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கரி அள்ளுகிறான், கை நடுங்குகிறது. அவர் வாய் திறக்கவில்லை. காவிரிப் பாலம் போனது, ஸ்ரீரங்கம் போனது, கொள்ளிடம் போனது, லால்குடி, அரியலூர். ஒரு வார்த்தை இல்லை. விருத்தாசலத்தில் தண்ணீர் பிடிக்க நின்றதும் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். எச்சில் தொட்டால் ஊதாவாக எழுதுமே, அந்தக் காப்பிங் பென்சிலால் நாலு பக்கமும் திருத்தியிருந்தார். 'உயிறினும்' என்று இவன் எழுதியிருந்ததை அடித்து 'ரி' போட்டிருந்தார். தினத்தந்தி படித்த பலன்!

அப்புறம் சொன்னார்: 'தம்பி, ஒண்ணு இங்கிலீஷ்ல எழுது. இல்ல, அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடு. எத்தனை நாளைக்கு நான் படிச்சுக் காட்டறது?'

கவனியுங்கள், 'மேன்' இல்லை. 'தம்பி.'

இதோ, வார்டு உறுப்பினர் வந்துவிட்டார். வாருங்கள், வணக்கம். தெருவிளக்குப் போட்டுக்கொடுத்த கையோடு வந்திருக்கிறார். அவருக்குப் பொன்னாடை போட வேண்டும் என்றார்கள். நான் புத்தகம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தலைமை ஆசிரியை அம்மையார் தங்கள் கையால் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி. எங்கே விட்டேன்? ஆங், பாட்டியின் பழமொழி.

ஃபயர்மேன் நிற்பதே அப்படித்தான். ஒரு கால் எஞ்சினில், ஒரு கால் டெண்டரில். டெண்டர் என்றால் எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் பெட்டி. நடுவில் இருக்கும் இரும்புத் தகடு வண்டியின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அதில் நின்றுதான் கரி போட வேண்டும். 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்' என்று பாட்டி சொன்னபோதெல்லாம், பின்னாளில், 'அது வேலை பாட்டி, திட்டு இல்லை' என்று சொல்லத் தோன்றும்.

அடையாளத்துக்கு வருகிறேன். பரணில் பெட்டி தேடுகிற எழுத்தாளர்களே, பெட்டியைவிட நல்ல கதை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொல்லி, குழந்தையின் ஞானஸ்நான நாளில் தாய்க்கு ஒரு வராகன், அந்தக் காலத்துப் பொற்காசு, கொடுக்கச் சொன்னார்கள். 1791இல் அதே கம்பெனி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் சிவில், ராணுவப் பதவி கிடையாது என்றது. நூறு வருஷத்தில் வராகனும் போச்சு, வேலையும் போச்சு. நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்கிறது. தகப்பன் வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்து, இங்கேயே நிலைத்திருக்க வேண்டும். ஐரோப்பியர் என்றுதான் இருக்கிறது. ஆங்கிலேயர் என்று இல்லை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் வழி வந்த குடும்பங்களும் அதில் அடக்கம். எல்லோருக்கும் இங்கிலாந்தில் மாளிகை தேடினால் எப்படி?

இன்னொன்று. அந்த டிரைவரின் மகள் தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டால், பிறக்கிற குழந்தை சட்டப்படி ஆங்கிலோ இந்தியர் இல்லை. அவள் அண்ணன் தமிழ்ப் பெண்ணைக் கட்டினால், அந்தக் குழந்தை ஆங்கிலோ இந்தியர். ஒரே வீடு, ஒரே பால் கறி, இரண்டு குழந்தைகள். கிறிஸ்துமஸுக்கு இருவரும் ஒரே தட்டில் அச்சு முறுக்கு தின்கிறார்கள். அதற்கு அந்த வீட்டில் ரோஸ் குக்கி என்று பெயர். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் தேடிப் பார்த்தவரை கண்ணில் படவில்லை.

சட்டசபையில் 234 பேரோடு நியமன உறுப்பினராக ஒரு ஆங்கிலோ இந்தியரும் இருந்துவந்தார். 2020 ஜனவரியில் நூற்றுநான்காம் திருத்தம் நடைமுறைக்கு வந்து அந்த நியமனம் முடிந்தது. இனி அவர்கள் குரல் எங்கே கேட்கும்? இதற்குத்தான் நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பாட்டைப் பாடுகிறேன். காதலைப் பற்றிப் பேசச் சொன்னாலும் அதையே பாடுவேன் என்று என் மனைவி முன்பே எச்சரித்திருப்பாள். கிளை நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு செல்போன். இவ்வளவுதான் கேட்கிறேன். பொன்மலை, பெரம்பூர், போத்தனூர், ஜோலார்பேட்டை, அரக்கோணம், இந்த ரயில் ஊர்களில் எண்பது வயது தாண்டிய பாட்டிகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்திலும் மெல்போர்னிலும். பாட்டி மட்டும் இங்கே. அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். மிளகுத் தண்ணிக்கு என்ன அரைப்பீர்கள், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடந்த நடனத்துக்கு யாரோடு போனீர்கள், கப்பலேறிய தங்கையிடமிருந்து கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று கேளுங்கள். உங்கள் அடுத்த முப்பது அத்தியாயத்துக்குச் சரக்கு கிடைக்கும்.

நூலகர் தலையாட்டுகிறார். ஆட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? பங்குத்தந்தையும் ஆட்டினார். அப்படியென்றால் வேலை பாதி முடிந்தது.

மொழிநடை என்று மூன்றாவதாக ஒன்று சொன்னேன். தலைவர் மணிமேல் கை வைத்துவிட்டார், அது இன்னொரு நாள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே அறையில் முதல் பதிவு. முன்வரிசையில் வெள்ளைப் பூப்போட்ட கவுனில் அமர்ந்திருக்கும் அம்மையார் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: காபி கொடுக்க வேண்டும், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. இந்த மேடையில் அந்தக் குறுக்கீடு எந்த நிமிஷமும் வரும்போல் இருப்பதால், மணி அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.