கட்டியை மறைத்து வைக்காதீர்கள்

(தக்கலை வாசகர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் ஐயா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அக்கா அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் சொல்லித்தந்த தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி சுமந்ததிலிருந்து சுக்குக்காப்பி வரைக்கும் ஏற்பாடு செய்த தம்பிகளே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சுயஉதவிக் குழு அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். ஆசனவாய்ச் சீழ்க்கட்டி என்று நான் கொடுத்த தலைப்பை மாற்றாமல் நோட்டீசில் அப்படியே அச்சடித்த தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

இது எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்வது, சாப்பாட்டில் என்ன கவனம் வேண்டும் என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன்.

ஆசனவாய்க்குச் சற்று உள்ளே சுற்றிலும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் கிருமி பெருகிச் சீழ் கட்டும், பெரும்பாலான கட்டிகள் இப்படித்தான் வருகின்றன. இது உஷ்ணக் கட்டி இல்லை, மூலமும் இல்லை. மூலம் என்பது இரத்தக்குழாய் வீக்கம். சீழ்க்கட்டி வந்தால் உட்கார்ந்தாலும் நடந்தாலும் விண்விண்ணென்று தெறிக்கும், நாளுக்கு நாள் வலி கூடும், காய்ச்சலும் குளிரும் வரலாம். ஆழத்தில் இருந்தால் வெளியே வீக்கமே தெரியாது.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வாள், நகத்தால் கிள்ளுவதைக் கோடாலியால் வெட்டும்படி விடாதே என்று. நான் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்தபோது தினமும் அதை நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன் விற்கும் ஒரு அக்கா வந்தார், கடவத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். "இருங்க அக்கா" என்றேன். "இருக்க முடியல்ல மக்களே" என்றார், அவ்வளவுதான், பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. நான் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டதும் அழுதுவிட்டார். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்து போயிருக்கிறார், மூலத்துக்கான களிம்பைப் பத்து நாளாகத் தடவியிருக்கிறார், வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முன்பே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாராம், கதவு திறந்து கிடந்த அறையில், ஆட்கள் பார்க்க, "துணியை விலக்குங்க" என்றதும் திரும்பி வந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது, சீழ் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. மயக்கம் கொடுத்துத்தான் கீறினார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் பின்னால் பவுத்திரம், அதாவது ஆசனவாய்க்கு உள்ளிருந்து வெளித்தோல் வரைக்கும் புரையோடிய குழாய், வந்து இன்னொரு ஆபரேஷனும் ஆனது.

நகத்தால் கிள்ளுவது என்றால் இங்கே சீக்கிரம் கீறிச் சீழை வெளியேற்றுவது. மாத்திரை மட்டும் போதாது, தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், சுற்றிலும் தோல் சிவந்து பரவியவர்களுக்கும் கீறுவதோடு ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் விட்டுவைத்தால் சதை அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம். கீறிய புண்ணுக்குப் பொதுவாகத் தையல் கிடையாது, அடியிலிருந்து ஆறி வரவேண்டும், அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இதமாக இருக்கும். மூன்றில் ஒருவருக்கோ பாதிப் பேருக்கோ பிறகு பவுத்திரம் வரக்கூடும், அதனால் ஆறிய பிறகும் நீர் கசிந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள். கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்கும் "ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம்" போஸ்டரை நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டை இன்னொரு நாள் பேசலாம், ஏனென்றால் அந்த அக்காவைத் திருப்பி அனுப்பியது சாப்பாடு இல்லை, திறந்து கிடந்த அந்தக் கதவு. மாவட்டத்தில் ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் பெண்களைப் பரிசோதிக்கக் கதவு சாத்தும் ஓர் அறை, ஒரு திரை, கூட நிற்க ஒரு பெண் ஊழியர் வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அக்கா, இதை நீங்களும் பேச வேண்டும். ஒரு திரைக்கு என்ன செலவாகிவிடும்? அது இல்லாமல்தான் கோடாலி வரைக்கும் போகிறது.

மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். கையெழுத்துப் போடுங்கள், ஆண்களும்தான். கூட வருகிறவர்கள் குழு அக்காமாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.