ஹேமர் கோரல் சுருங்குதா? மருந்து வாங்கறதுக்கு முன்னாடி உப்பைப் பாருங்க

வணக்கங்க. ஏப்ரல் பொறந்தா சேலத்துல ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள கோரல் (பவளம்) வளக்கற உப்புத்தண்ணித் தொட்டி, வெச்சிருக்கற வீட்டுல எல்லாம் இதே புலம்பல்தான். கோரல் விரியல, வெளுக்குது. உடனே ஒரு பாட்டில் வாங்கி ஊத்தக் கை பரபரக்கும். ஊத்தாதீங்க, முதல்ல பாருங்க.

கேமராவைக் கிட்ட கொண்டு போறேன். இது கிளை கிளையா வர்ற ஹேமர், நுனி சுத்தியல் மாதிரி இருக்கற கோரல். இந்த ஓரம் வெள்ளையா இருக்கு பாருங்க. வெள்ளைல ரெண்டு வகை இருக்கு. மேல கண்ணாடி மாதிரி சதை இருந்து, விரல் மாதிரி நீட்டற கை இன்னும் ஆடுச்சுன்னா அது ப்ளீச்சிங். சதைக்குள்ள இருக்கற பாசி போயிருச்சு, கோரல் உயிரோடதான் இருக்கு. எலும்போட வரி வரியான மடிப்பே தெரிஞ்சா சதை கழண்டிருச்சுன்னு அர்த்தம். இது ரெண்டாவது வகை. அடியில பச்சைப் பாசி படிஞ்சிருக்கறதால பல நாளா மெதுவா நடக்குது. பாசி ஒட்டாம பளிச்சுன்னு இருந்தா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, வேகமாவும் போகும்.

ப்ளீச்சிங்னா எந்தப் பக்கம்னு பாக்கணும். லைட்டைப் பாத்த பக்கம் மட்டும் வெளுத்து, நிழல் பக்கம் நிறம் அப்படியே இருந்தா லைட் அதிகம். முழுசா வெளுத்திருந்தா சூடு காரணம், இல்லைன்னா தண்ணியில பாசிக்கு வேண்டிய நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் சைபர். மதியம் மூணு மணிக்குத் தெர்மாமீட்டர் பாருங்க. காலையில 26 காட்டறது அப்ப 30-ஐத் தாண்டி நிக்கும்.

இப்ப உப்பு. நம்ம ஊருல நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான். சூட்டுக்கு ஃபேன் போடறோம், சூடு குறையுது, தண்ணி ஆவியாகுது, உப்பு உள்ளயே நிக்குது. 100 லிட்டர்ல 3 லிட்டர் போனாலே 35 பிபிடி (ஆயிரம் பங்குத் தண்ணிக்கு 35 பங்கு உப்பு) 36-ஐத் தாண்டிரும். உப்பை அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணியில சைபர் வெச்சா மட்டும் போதாது, 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவத்துல செட் பண்ணுங்க. 38 காட்டுச்சுன்னா ஒரே நாள்ல இறக்காதீங்க. 100 லிட்டருக்கு தினம் 2.5 லிட்டர் உப்புத்தண்ணி எடுத்துட்டு, அதே அளவு நல்ல தண்ணி ஊத்துங்க. ஒரு நாளைக்கு ஒரு பிபிடி குறையும்.

நல்ல தண்ணின்னா, மிச்ச உப்பையும் பிடிக்கற டிஐ ரெசின் ஃபில்டர் தாண்டி வந்த, டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) சைபர் காட்டற ஆர்ஓ தண்ணி. குடிக்கற கேன் தண்ணி இல்லீங்க. அதுல ருசிக்குன்னு மினரல் சேத்திருப்பாங்க, தினம் ஊத்த ஊத்த அது சேந்துக்கிட்டே போகும். போர் தண்ணியைப் பத்திப் பேசவே வேண்டாம்.

ஏற்காட்டுக்காரங்களுக்கு இந்தச் சூட்டுத் தொல்லை கம்மி. டிசம்பர் ராத்திரிக்கு ஹீட்டர்தான் முக்கியம்.

உப்பும் சூடும் சரியா இருந்தும் சதை அடியில இருந்து கழண்டு மேல ஏறுச்சுன்னா ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணி அமிலத்தைத் தாங்கற சக்தியை, தினம் ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணுங்க. அதை அளக்கற அலகு டிகேஹெச், 8-ல இருந்து 9 டிகேஹெச் போதும். நம்பரை விட அது ஆடறதுதான் ஆபத்து. இறங்கியிருந்தா 100 லிட்டருக்கு 3 கிராம் பேக்கிங் சோடா ஒரு டிகேஹெச் ஏத்தும். பேக்கிங் பவுடர் இல்லீங்க, சோடா. ஆர்ஓ தண்ணியில கரைச்சு, பம்ப் அடிக்கற இடத்துல மெதுவா விடுங்க. ஒரு நாளைக்கு ஒரு டிகேஹெச்சுக்கு மேல வேண்டாம். கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கத்துல இருந்தா அதைத் தொடாதீங்க.

ஒண்ணுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. கிளை மேல பழுப்பு நிறத்துல கொழகொழன்னு கூழ் தெரிஞ்சா அது பிரவுன் ஜெல்லிங்கற நோய், பக்கத்துக் கிளைக்குத் தாவிரும். பம்பை நிறுத்துங்க, இல்லைன்னா கூழ் டேங்க் முழுக்கப் பறக்கும். ஏர் டியூப்ல உறிஞ்சி பக்கெட்டுல விடுங்க. அப்புறம் கோரலை வெளிய எடுத்து, கெட்ட கிளையை நல்ல கிளைல சதை முடியற இடத்துக்குக் கீழ, எலும்புல வெட்டிப் பிரிங்க. மீதியை டேங்க் தண்ணியில அயோடின் டிப் (கோரலை முக்கி எடுக்கற கிருமிநாசினி) கலந்து, பாட்டில்ல போட்ட அளவுக்கும் நேரத்துக்கும் முக்குங்க. அந்த டிப் தண்ணியும் பக்கெட் தண்ணியும் திரும்ப டேங்க்குள்ள போகக் கூடாது.