திரும்ப வழியில்லாத இடம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

என் வேலைமேசையில் ஐந்து விதைநெற்றுகள் இருக்கின்றன. ஒன்றுகூட மரத்தில் காய்த்ததல்ல. ஒன்று சுட்ட மண், ஒன்று மரம், ஒன்று லினோ அச்சு, ஒன்று நீர்வண்ணம், ஒன்று தறியில் நெய்தது. பல ஆண்டுகளுக்கு முன் நடைபாதையில் கண்டெடுத்த, பாதி வெடித்த ஒரு நெற்றைப் பார்த்துத்தான் ஐந்தையும் செய்தேன். அந்த மூல நெற்று எப்போதோ உதிர்ந்து தூளாகிவிட்டது.

இவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவற்றில் எது கடினம்? எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை. எல்லாமே கடினம்தான், எல்லாமே பழகும். ஆனால் ஒவ்வொரு பொருளிலும் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு செய்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியாது. அந்த இடம் மண்ணில் ஒரு தொலைவில் இருக்கிறது, மரத்தில் வேறொரு தொலைவில். என் கை எப்படி அசைய வேண்டும் என்பதை அந்தத் தொலைவுதான் முடிவு செய்கிறது. இன்று அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மண். மண் நெற்றைச் சக்கரத்தில் வனையவில்லை, விரலால் கிள்ளிக் கிள்ளி எழுப்பினேன். மூன்று முறை அதன் வாய் தொய்ந்து விழுந்தது. மூன்று முறையும் உருட்டிப் பிசைந்து மறுபடி தொடங்கினேன். மண் கோபித்துக்கொள்ளவில்லை. வெளுத்துக் காய்ந்த பிறகும்கூட அதை நீரில் போட்டால் குமிழ்விட்டுக் கரைந்து சேறாகிவிடும். இதில் எனக்கு இன்றும் வியப்பு தீராத செய்தி ஒன்று உண்டு. அரைகுறையாகக் காய்ந்த மண் நீரில் போட்டால் பிடிவாதமாகக் கட்டியாகவே கிடக்கும். முழுக்கக் காய்ந்ததுதான் சட்டென்று கரையும்.

பிறகு சூளை. வெப்பம் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மண்ணில் மிஞ்சிய ஈரம் ஆவியாகிறது. அவசரப்பட்டால் அந்த ஆவியே உருவத்தை வெடிக்கச் செய்துவிடும். ஆனால் மண்ணுக்குள் இன்னொரு நீரும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத ஈரம், களிமண் துகளின் அமைப்போடே பிணைந்தது. ஏறத்தாழ 450 டிகிரிக்கும் 600 டிகிரிக்கும் இடையில் அதுவும் வெளியேறுகிறது. அதன்பின் எத்தனை ஆண்டு நீரில் கிடந்தாலும் மண் மறுபடி சேறாகாது. திரும்ப வழியில்லாத அந்த இடத்தை நான் பார்ப்பதே இல்லை. சூளையின் கதவு மூடியிருக்கிறது, நான் வெளியே நிற்கிறேன். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்று இடம் கொடுத்த மண், என் கைக்கு எட்டாத ஓர் அறைக்குள் போய்த்தான் உறுதியாகிறது.

செக் நாட்டில் டோல்னி வெஸ்டோனிட்சே என்னும் இடத்தில் 1925-இல் சுட்ட மண்ணாலான சிறிய பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். சுட்ட மண்ணில் மனிதர் செய்த மிகப் பழைய உருவங்களில் அதுவும் ஒன்று, வயது 25 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதன் முதுகில் ஒரு கைரேகை பதிந்திருக்கிறது. ஆராய்ந்தவர்கள் அது ஒரு சிறுவருடைய விரலாக இருக்கலாம் என்கிறார்கள். நெருப்புக்குள் போவதற்குச் சற்று முன்பு யாரோ ஒரு பிள்ளை அதைத் தொட்டிருக்கிறது. ஈரக் கையால் ஒரு முறை தடவியிருந்தால் அந்த ரேகை மறைந்திருக்கும். தடவ யாருக்கும் தோன்றவில்லை. என் மண் நெற்றின் அடியிலும் என் கட்டைவிரல் அச்சு இருக்கிறது. இதைப் படித்த பிறகு நான் அதை வழித்து மெழுகுவதில்லை.

மரத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. உளியின் முதல் அடியிலேயே திரும்பும் வழி அடைந்துவிடுகிறது. சிதறி விழுந்த சில்லை யாராலும் திரும்ப மரமாக்க முடியாது. ஆகவே மரத்தில் வெட்டும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம்தான் அதிகம். மரத்தின் நாரோட்டமான ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் திசை மாறுகிறது என்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெற்றின் வாய் விரியும் இடத்தில் ரேகை திசை மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எதிர்த்திசையில் உளி இறங்கியதும் ஒரு பிளவு விரல் நீளத்துக்கு ஓடியது. அன்று முழுவதும் அதைத் தொடவில்லை. மறுநாள், பிளவு நின்ற இடம் வரைக்கும் உதட்டைக் குறைத்துச் செதுக்கினேன். நான் எண்ணியிருந்ததைவிட நெற்று அதிகமாகத் திறந்துகொண்டது. ஐந்திலும் மிக விரிந்த வாய் அதற்குத்தான். என் திட்டத்தைவிட அது அழகானது என்பதே என் எண்ணம்.

லினோ இன்னொரு வகை. தரையில் விரிப்பதற்காக ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சேர்த்துச் செய்த பொருள் அது. ரேகை கிடையாது, வெட்ட வெண்ணெய்போல் இருக்கும். அந்த எளிமையை நம்பி, ஒரே பலகையில் பல வண்ணம் அச்சிடும் முறையைத் தேர்ந்தேன். 1950-களின் இறுதியிலிருந்து பிக்காசோ விரும்பிக் கையாண்ட முறை அது. வெளிர்நிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். பிறகு அதே பலகையில் மேலும் வெட்டி அடுத்த நிறத்தை அதன்மேல் அச்சிட வேண்டும். ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்துக்கு உரிய பலகையைத் தின்றுவிடுகிறது. நான் 12 தாளில் தொடங்கினேன். நிறம் விலகிப் பதிந்து மூன்று கெட்டன. இன்னொரு தாள் வேண்டுமென்றால் பலகை எங்கே? கடைசிக் கருநிறக் கோடுகள் மட்டும் அதில் எஞ்சி நின்றன. மற்றதெல்லாம் தாள்களுக்குப் போய்விட்டது.

நீர்வண்ணத்தில் வெண்மைதான் காவல். வெள்ளை என்பது அங்கே தாள். நெற்றுக்குள்ளிருக்கும் ஒளியை எங்கே விட வேண்டுமென்று தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

தறி எனக்குக் கனிவானது. நீள நூலான பாவுக்குள் குறுக்கு நூலான ஊடையை ஓட்டிய பிறகும் வரிசை வரிசையாகப் பிரித்தெடுக்கலாம். நெற்றின் வளைவு தறியில் படிப்படியாகத்தான் வரும். அந்தப் படிகள் முரடாகத் தெரிந்ததால் 14 வரிசை பிரித்தேன். பிரித்த நூல் நேராக நிற்பதில்லை, நெளிந்த இடமெல்லாம் நெளிந்தபடியே இருக்கும். அதையே திரும்ப ஓட்டினேன். ஆனால் கடைசியில், தறியிலிருந்து துணியை இறக்கப் பாவு நூலைக் கத்தரிக்கும் ஒரு கணம் இருக்கிறது. இழுவிசை போனதும் துணி கொஞ்சம் சுருங்கித் தன் சொந்த வடிவத்துக்கு வருகிறது. அந்தச் சுருக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒரு கலைஞர் தன் துயரத்துக்கு ஏன் ஒரு பொருளை விட்டு இன்னொன்றைத் தேடுகிறார் என்பதும் இதனால்தான் எனக்குப் புரிந்தது. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் செம்புத்தகட்டு அச்சிலும் கல்லச்சிலும் பெரும் தேர்ச்சி பெற்றவர். அவருடைய இளைய மகன் 1914-இல் போர்முனையில் இறந்தான். போரைப் பற்றி அவர் செய்த ஏழு படங்களின் வரிசை கடைசியில் மரச்செதுக்கு அச்சாகத்தான் உருவானது. 1920-இல் ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தது அவருக்கு அந்த வழியைத் திறந்தது. கல்லச்சில் மென்மையான சாம்பல் நிழலெல்லாம் கிடைக்கும். மரச்செதுக்கில் கருப்பு, இல்லையென்றால் வெள்ளை. மகனுக்கான நினைவுச்சின்னத்தில் அவர் செய்த பெற்றோர் உருவங்கள் 1932-இல் கல்லில் நிறைவடைந்தன. இடையில் கைவிட்டார், மறுபடி எடுத்தார், 18 ஆண்டுகள் ஆயின. மண்டியிட்ட அந்தத் தாயும் தந்தையும் வேறெந்தப் பொருளில் இருந்திருந்தாலும் இத்தனை மௌனமாக இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐந்து நெற்றுகள் என்று சொன்னேன். ஆறாவது ஒன்றும் இருக்கிறது. அது எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது, மேசையில் இல்லை, சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உள்வாங்கித்தான் இறுகுகிறது. அதற்கு நாட்கணக்கில் ஆகும், கனமாகப் பூசினால் மாதக்கணக்கிலும் ஆகும். அதுவரை துடைக்கலாம், சுரண்டலாம். காய்ந்த பிறகும் மேலே தீட்டலாம். கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை நெற்றின் உள்நிழல் கூடுதலாகத் தோன்றியது. துணியால் துடைத்தேன். அந்த இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.