கடலைக் கண்டு பயந்த ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயின்காரர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. நாலு பேர் கூடி யாரையாவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு வேண்டப்பட்ட ஆள் அந்தப் பக்கம் வந்துவிட்டால், "கரையில் மூர்கள்" என்று ஒருவர் முணுமுணுப்பார். உடனே பேச்சு வெயில், மழை என்று மாறிவிடும். மூர்கள் என்பது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு அவர்கள் வைத்த பெயர். இன்று இதைச் சொல்கிறவர் யாரும் கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் பார்த்தார்கள். பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள்.

அந்தக் கரையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஸ்பெயினின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலோரம் உள்ள அலிகாந்தே மாகாணம். கரையின் நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல். சுற்றுலா விளம்பரங்களில் இதன் பெயர் கோஸ்தா பிளாங்கா, வெள்ளைக் கரை. குளிருக்குப் பயந்த ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் வந்து வெயில் காயும் இடம் என்று உலகத்துக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். போன இடத்தில் கண்ணில் பட்டது வேறு. பழைய ஊர்கள் பல கடலோரத்தில் இல்லை!

வடக்கே ஹாவியா என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் ஒரு பக்கம் இருக்கிறது, பழைய ஊர் சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் நடுவில் உள்ள தேவாலயத்தைப் பார்த்தால் கோட்டை என்றுதான் சொல்வீர்கள். தடித்த சுவர். வாசலுக்கு நேர் மேலே கல்லில் துவாரங்கள். உள்ளே நுழைகிற எதிரியின் தலையில் கொட்டுவதற்கு! ஜெபிக்கப் போகிற இடத்தில் இப்படி ஓர் ஏற்பாடு. அல்தேயா என்ற ஊர் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் தேவாலயத்தின் நீல, வெள்ளை ஓடு பதித்த குவிமாடங்கள்தான் இந்தக் கரையின் எல்லா அஞ்சலட்டையிலும் இருக்கும். படம் எடுக்கிறவர்கள் காட்சிக்காக மேலே ஏறுகிறார்கள். ஊரைக் கட்டியவர்கள் உயிருக்காக ஏறினார்கள்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் எதிர்க்கரையான வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து கடற்கொள்ளையர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பொன்னைவிட ஆள்தான் முக்கியம். பிடித்துப் போய் அடிமையாக விற்கலாம், இல்லையென்றால் மீட்புப் பணம் கேட்கலாம். 1637இல் கல்பே என்ற சிற்றூரில் இறங்கி, ஊர் மக்களில் பெரும்பாலோரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இதைத் தடுக்கத்தான் கரை நெடுகக் காவல் கோபுரங்கள் கட்டினார்கள். பாய்மரம் தெரிந்தால் பகலில் புகை, இரவில் தீ. அதைப் பார்த்து அடுத்த கோபுரம், அதைப் பார்த்து அதற்கடுத்தது. அந்தக் கோபுரங்கள் பல இன்றும் நிற்கின்றன, சில அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில். ஒன்றின் நிழலில் யாரோ நீச்சலுடையைக் காயப்போட்டிருந்தார்கள்.

கல்பேயில் இன்று எல்லோரும் பார்க்கப் போவது இஃபாக் பாறையை. கடலுக்குள் நீட்டிக்கொண்டு, 332 மீட்டர் உயரத்தில் ஒற்றைச் சுண்ணாம்புக் கல். அடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய உப்பளம், அதில் பூநாரைகள். பாறையின் பாதி வழியில் ஒரு சுரங்கப்பாதை வரும். தரை வழவழவென்று தேய்ந்து வழுக்கும், சுவரில் கயிறு கட்டியிருப்பார்கள். நான் சுரங்கத்தைத் தாண்டி உச்சிக்குப் போகவில்லை. போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள்தான்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கேளுங்கள். பெனிடோர்ம், பெனிஸா, பெனிமாந்தெல், பெனிஃபாத்தோ. பெரும்பாலும் இந்தப் 'பெனி' அரபுச் சொல். இன்னாரின் மக்கள், இன்னார் குடி என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அரசர்கள் இந்த நிலத்தைப் பிடித்தபின்பும் முஸ்லிம் உழவர்கள் இங்கேயே இருந்தார்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, வாய்க்கால் இழுத்து, பாதாமும் திராட்சையும் வளர்த்தார்கள். பிறகு மதம் மாற்றப்பட்டார்கள். அதுவும் போதாதென்று 1609இல், உங்களை நம்ப முடியாது, கொள்ளையர்களுக்கு உளவு சொல்வீர்கள் என்று கூறி, மன்னர் மூன்றாம் பிலிப் எல்லோரையும் நாடு கடத்தினார். முதல் கப்பல்கள் கிளம்பிய துறைமுகங்களில் டேனியாவும் ஒன்று. இந்தப் பகுதி அடங்கிய வலென்சியா ராஜ்யத்தின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போய்விட்டது. பள்ளத்தாக்குகள் காலியாயின. ஆள் போனாலும் பெயர் போகவில்லை. வாய்க்காலுக்கு இன்றும் அங்கே 'அசேக்கியா' என்றுதான் பெயர். அதுவும் அரபுதான்.

அதே டேனியாவிலிருந்து இப்போது இபிசா தீவுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. 2015இல் யுனெஸ்கோ இந்த ஊரைச் சமையல் கலைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தது. அதை நம்பி மாலை நாலரை மணிக்குப் பசியோடு ஓர் உணவகத்துக்குள் நுழைந்தேன். அடுப்பை அணைத்துவிட்டார்கள். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத் தொடங்கும், நாலு மணிக்கு முடிந்தது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. நடுவில் பட்டினிதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். 'அர்ரோஸ் ஆ பாந்தா' என்றொரு சோறு. 'ஆ பாந்தா' என்றால் தனியாக. மீனவர்கள் நல்ல மீனை விற்றுவிட்டு, விலை போகாத முள் மீன்களைப் படகிலேயே கொதிக்கவைப்பார்கள். மீன் தனியாக ஒரு தட்டில். அந்தக் கொதித்த சாற்றில் அரிசியைப் போட்டு வேகவைத்தது இன்னொரு தட்டில். வாயகன்ற தட்டையான இரும்புச் சட்டி, அதில் ஒரு விரல் கனத்துக்குக்கூடச் சோறு இருக்காது. அரிசியைப் போட்டபின் கரண்டி வைக்கக் கூடாது. சாறு வற்றி, அடியில் லேசாகப் பிடிக்கவேண்டும். நம் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்குத் திட்டு விழும். அங்கே அந்தக் காந்தலுக்கு 'சொக்கர்ராத்' என்று பெயர் வைத்து, சுரண்டி எடுத்து, முதலில் விருந்தாளிக்குத் தருகிறார்கள். பூண்டையும் எண்ணெயையும் குழைத்த ஒரு விழுது தொட்டுக்கொள்ள. சிவப்பு இறால்தான் இந்த ஊரின் பெருமை, ஆனால் விலையைப் பார்த்துவிட்டு நான் காந்தலோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, இவ்வளவு பயந்த கரை எப்படிக் கடலைப் பார்த்துத் திரும்பியது? அதற்குப் பெனிடோர்முக்குப் போகவேண்டும்.

பெனிடோர்ம் மீனவர் ஊர். சூரை மீனுக்குக் கடலில் பெரிய நிலைவலை கட்டுவதில் இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். அந்தத் தொழில் 1950களின் தொடக்கத்தில் படுத்துவிட்டது. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் பெத்ரோ சராகோசா. வெயிலும் மணலும்தான் மிச்சம், அதையே விற்போம் என்று முடிவு செய்தார். பிகினி உடைக்கு அனுமதி கொடுத்தார். பிராங்கோவின் சர்வாதிகாரக் காலம், திருச்சபையின் பிடி இறுகியிருந்த நாடு. அவரைச் சபையைவிட்டே விலக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. மனிதர் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மாத்ரித் வரை நானூறு சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிப் போய், பிராங்கோவையே நேரில் பார்த்துப் பேசி ஆதரவு வாங்கி வந்தார். இது அவரே சொன்ன கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். 1956இல் அவர் போட்ட நகரத் திட்டத்தில் மசாலா எதுவும் இல்லை. அதன் வழியில் வந்தவைதான் இன்றைய கோபுரக் கட்டடங்கள். அவற்றில் ஒரு ஹோட்டல் மட்டும் 186 மீட்டர் உயரம்.

பெனிடோர்மைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு இப்படியும் தோன்றியது: மேல்நோக்கிக் கட்டியதால் கீழே இடம் மிஞ்சியிருக்கிறது. வில்லா வில்லாவாக மலைகளைத் தின்ற பக்கத்து ஊர்களைவிட இது தேவலாம். தண்ணீர் மட்டும் கோபுரத்தோடு சேர்ந்து ஏறவில்லை. 1978 வறட்சியில் இந்த ஊருக்குக் கப்பலில் குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் டிராமில் போனால் அலிகாந்தே நகரம். கடலோரம் நடைபாதை, பனைமர நிழல். தரையில் சிவப்பு, கறுப்பு, வெண்மஞ்சள் நிறச் சலவைக்கல் துண்டுகளை அலை அலையாகப் பதித்திருக்கிறார்கள், 65 லட்சத்துக்கும் மேல். சற்று நேரம் குனிந்து பார்த்தபடி நடந்தால் தலை சுற்றும். மேலே 166 மீட்டர் குன்றில் சாந்தா பார்பரா கோட்டை. கீழேயிருந்து பார்த்தால் அந்தப் பாறை ஒரு மனித முகம் போலத் தெரியும். மூரின் முகம் என்பார்கள். அங்கும் அவர்தான்!

துறைமுகத்தில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் போகிறார்கள். ஆர்ச்சிபால்ட் டிக்சன், ஸ்டான்புரூக் என்ற சரக்குக் கப்பலின் மாலுமித் தலைவர். 1939 மார்ச், உள்நாட்டுப் போரின் கடைசி நாட்கள். குடியரசுத் தரப்பு பிராங்கோவிடம் தோற்றுவிட்டது. தப்பிக்க ஒரே வழி கடல் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்திருந்தார்கள். டிக்சன் வந்தது ஆரஞ்சும் புகையிலையும் குங்குமப்பூவும் ஏற்றிப் போக. கூட்டத்தைப் பார்த்தார். சரக்கை விட்டுவிட்டு ஆட்களை ஏற்றினார். மார்ச் 28ஆம் தேதி இரவு 2,638 பேரோடு கிளம்பினார். பாரத்தில் கப்பல் தாழ்ந்து, கடல்நீர் விளிம்புக்கு வந்துவிட்டது. போன இடம் எது தெரியுமா? அல்ஜீரியாவின் ஓரான். முன்னூறு வருடம் எந்தக் கரையைப் பார்த்துப் பயந்தார்களோ, அதே கரை. இடம் கிடைக்காமல் துறைமுகத்திலேயே நின்றவர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் போனது முகாம்களுக்கும் சிறைகளுக்கும். டிக்சனும் நெடுநாள் இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நீர்மூழ்கிக் குண்டு தாக்கி, அவரும் அவர் கப்பலும் கூட இருந்த எல்லோரும் கடலோடு போனார்கள்.

எதிரே தபார்கா தீவு. சுமார் 1,800 மீட்டர் நீளம், 400 மீட்டர் அகலம், அவ்வளவுதான். துனிசியக் கரையோரத் தீவு ஒன்றில் வாழ்ந்து, அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட இத்தாலியின் ஜெனோவாக்காரர்களை மீட்டு, மன்னர் மூன்றாம் கார்லோஸ் இங்கே மதில் கட்டிக் குடியமர்த்தினார். அவர்கள் முன்பு வாழ்ந்த தீவின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். கோடையில் பகலெல்லாம் கூட்டம். கடைசிப் படகு போனபின் பூனைகள் தெருவுக்கு வரும்.

இனி எல்சே. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடலிலிருந்து உள்ளே தள்ளி, நகரத்துக்கு நடுவிலும் சுற்றிலுமாக இரண்டு லட்சம் அளவுக்குப் பேரீச்சை மரங்கள். அரபு உழவர்கள் வாய்க்கால் வெட்டி வளர்த்த தோப்பு. 2000இல் உலக மரபுச் சின்னமானது. இங்கே ஒரு வேலை செய்கிறார்கள். மரத்தில் ஏறி, ஓலைகளை மேல்நோக்கி இழுத்துக் கட்டி, வெயில் படாமல் மாதக்கணக்கில் உறை போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே வளரும் ஓலை பச்சை ஏறாமல் தந்த நிறத்தில் வரும். குருத்தோலை ஞாயிறுக்காக அதைக் கிழித்து, மடித்து, சரிகை வேலை போலப் பின்னுகிறார்கள். ஒரு முதிய பெண்மணி பின்னுவதை நின்று பார்த்தேன். விரல் ஓடியது, கண் தெருவில் போகிறவர்கள் மேல் இருந்தது. நம் பனையேறிக்குக் காலில் தளைநார், இந்த மரமேறிக்கு இடுப்பைச் சுற்றிக் கயிறு.

அந்தத் தோப்புக்கு இப்போது ஓர் எதிரி. பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டேன், நம் தென்னந்தோப்புகளில் குருத்தைத் துளைக்கும் அதே சிவப்புக் கூன்வண்டு. ஆசியாவின் வண்டு. வெளிநாட்டிலிருந்து இறக்கிய அலங்காரப் பனைகளோடு 1990களில் ஸ்பெயினுக்குள் வந்துவிட்டது. எந்தக் கோபுரத்துக் காவலாளி கண்ணிலும் படவில்லை.

ஆனால் இந்த ஊருக்குக் கடல் நல்லதும் கொடுத்ததாக ஒரு நம்பிக்கை. 1370 டிசம்பரில் கரைக் காவலாளி ஒருவன், மிதந்து வந்த ஒரு மரப்பெட்டியைக் கண்டானாம். உள்ளே மாதா சிலை. மேலே "நான் எல்சேக்கு" என்று எழுதியிருந்ததாம். அவன் ஊருக்குள் குதிரையை விரட்டிக்கொண்டு வருவதை இன்றும் டிசம்பரில் நடித்துக் காட்டுகிறார்கள். ஆகஸ்ட் 14, 15இல் அந்த மாதாவின் விண்ணேற்பை தேவாலயத்துக்குள்ளேயே பாடி நடிக்கிறார்கள். பெண் வேடங்களையும் சிறுவர்களே பாடுகிறார்கள். உயரக் கூரை திறந்து ஒரு மாதுளம்பழம் இறங்கும். பாதி வழியில் அது இதழ் இதழாக விரியும். உள்ளே ஒரு சிறுவன், தேவதூதன். அவன் கையில், வேறென்ன, ஒரு பேரீச்சை ஓலை.

வரும் வழியில் ஓர் ஊரை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். வியாஹோயோசா. பெனிடோர்முக்குத் தெற்கே, கடலைப் பார்த்த வீடுகளுக்கு மஞ்சள், நீலம், செங்காவி என்று அடித்திருப்பார்கள். கடலில் இருக்கும் மீனவனுக்குத் தன் வீடு அடையாளம் தெரியவேண்டும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கப்பலில் வந்த கோகோவை அரைத்து, 19ஆம் நூற்றாண்டிலேயே சாக்லேட் ஊராகவும் ஆகிவிட்டது. 1538இல் இங்கே கொள்ளையர்கள் வந்தார்கள். ஊர் தப்பியது. அந்த நினைவில் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் விழா எடுக்கிறார்கள்.

விடியாத நேரம். கடற்கரை முழுக்க ஜனம். முதலில் கடலில் விளக்குகள், பிறகு படகுகள், பிறகு நாட்டுத் துப்பாக்கிச் சத்தம். வெடிமருந்துப் புகை கண்ணைக் கரிக்கிறது. தலைப்பாகையும் ஜரிகை அங்கியுமாக மூர் படை தண்ணீரில் குதித்துக் கரையேறுகிறது. எல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். காலையில் மூர்களுக்கு வெற்றி, மதியத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் கோட்டையைத் திரும்பப் பிடிப்பார்கள். நடுவில் பசி எடுக்கும் அல்லவா? ஒரு கடையில் கெட்டியான சுடு சாக்லேட்டும் எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டமும் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கொள்ளையர். இடுப்பில் வாள், முழங்கால் வரை நனைந்த பட்டுக் கால்சட்டை, மணல் ஒட்டிய செருப்பு. சில்லறை போதவில்லை போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்து, பத்து சென்ட் இருக்குமா என்று கேட்டார்.