வால்டர் டல்: ஆட்டக்காரர், அதிகாரி, வராத பதக்கம்

(திரையில்: நார்த்தாம்ப்டன் டவுன் அணியின் குழுப் படம்)

இந்தப் படத்தில் வால்டர் டல் யார் என்று சொல்லவே வேண்டியதில்லை. அணியில் கறுப்பர் அவர் ஒருவர்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் காசு வாங்கிக் கால்பந்து ஆடிய கறுப்பர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர் பிறகு ராணுவ அதிகாரியாகவும் ஆனார். அதுவும், கூடாது என்று ராணுவச் சட்டக் கையேடே சொல்லியிருந்த நேரத்தில்.

பிறந்தது 1888 ஏப்ரலில், கென்ட் பகுதியின் கடலோர ஊரான ஃபோக்ஸ்டனில். அப்பா டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அவருடைய அப்பா அங்கே அடிமையாக இருந்தவர். அம்மா ஆலிஸ் கென்ட்காரர். வால்டருக்கு ஏழு வயதில் அம்மா இறந்துபோனார், ஒன்பது வயதில் அப்பாவும். அப்பா மறுமணம் செய்திருந்த சித்தியால் அத்தனை பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. வால்டரையும் அண்ணன் எட்வர்டையும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த மெதடிஸ்ட் அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். எட்வர்டை கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்து, பல் மருத்துவருக்குப் படிக்க வைத்தது. வால்டர் இல்லத்திலேயே தங்கி அச்சுத் தொழில் பழகினார்.

பந்து? அதுவும் இல்லத்து அணியில் தொடங்கியதுதான். 1908இல் கிளாப்டன் என்ற, சம்பளம் இல்லாமல் ஆடும் அமெச்சூர் கிளப்பில் சேர்ந்தார். அந்த ஒரே பருவத்தில் கிளப்புக்கு மூன்று கோப்பைகள். உடனே சம்பளம் கொடுக்கும் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் கூப்பிட்டது. ஒப்பந்தத்துக்கு 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. குறைவாகத் தெரியலாம், அன்றைய விதிப்படி யாருக்கும் அதற்கு மேல் கொடுக்க முடியாது.

(திரையில்: வரைபடத்தில் பிரிஸ்டல்)

1909 அக்டோபர். லீக்கின் மேல்தட்டான முதல் டிவிஷனுக்கு அப்போதுதான் ஏறியிருந்த டாட்டன்ஹாம், பிரிஸ்டல் சிட்டியோடு அவர்கள் ஊரிலேயே ஆடுகிறது. கூட்டத்தில் ஒரு பகுதி டல்லைக் குறிவைத்துத் திட்ட ஆரம்பித்தது. மறுநாள் பேச்சோடு போயிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் ஃபுட்பால் ஸ்டார் பத்திரிகையின் நிருபர் அதை எழுதிவைத்தார்: கோழைத்தனமான தாக்குதல், பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையைவிடக் கேவலமான பேச்சு, இருந்தும் மைதானத்தில் இருந்த ஃபார்வர்டுகளில் சிறந்தவர் டல்தான் என்று. லண்டனில் அந்தச் சந்தைக்கு வசவுக்கே பெயர். ஆக, நிருபர் எவ்வளவு கடுப்பில் எழுதியிருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்டியவர்களுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. சீக்கிரமே ரிசர்வ் அணிக்கு, அதாவது கிளப்பின் இரண்டாம் அணிக்கு, போனது டல்தான். டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் பத்து, கோல் இரண்டு. தொல்லை வேண்டாம் என்று கிளப் ஒதுக்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1911இல் அவரை நார்த்தாம்ப்டனுக்கு வாங்கியவர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஆர்செனலைப் பெரிய அணியாக்கிய அதே சாப்மன். அங்கே டல் நடுக்களத்தில் ஹாஃப் பேக்காக இறங்கி, நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

அப்புறம் முதல் உலகப் போர். 1914 டிசம்பரில் ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு பட்டாலியன் ஆரம்பித்தார்கள்: மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17ஆவது பட்டாலியன். "ஊரே சண்டைக்குப் போகிறது, இவர்கள் பந்து உதைக்கிறார்களா" என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரம். நார்த்தாம்ப்டனிலிருந்து முதலில் பெயர் கொடுத்தவர் டல். சீக்கிரமே சார்ஜெண்ட் பொறுப்புக்கு உயர்ந்தார். 1916 மே மாதம் குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கி ஊருக்கு அனுப்பப்பட்டார். தேறியதும் அதே ஆண்டு திரும்பவும் பிரான்ஸ், சோம் போர்க்களம்.

இனி அந்தச் சட்டப் புத்தகம். 1914ஆம் ஆண்டின் ராணுவச் சட்டக் கையேட்டின்படி, வெள்ளையர் அல்லாதவர் படையை நடத்தும் அதிகாரியாக முடியாது. ஆனால் இளம் அதிகாரிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்; ஆள் வேண்டும். டல்லின் மேலதிகாரிகள் அவரைப் பரிந்துரைத்தார்கள். ஸ்காட்லாந்தில் பயிற்சி முடித்து, 1917 மே 30 அன்று செகண்ட் லெப்டினன்ட் ஆனார். இணையத்தில் பலர் "பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி" என்று போடுகிறார்கள். அது சரியில்லை. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915இலேயே பீரங்கிப் படையில் அதிகாரியானவர்.

(திரையில்: இத்தாலி, பியாவே ஆறு)

1918 புத்தாண்டு இரவு. டல் இப்போது இத்தாலிப் போர்முனையில். எதிர்க்கரையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை. குளிர்ந்து கிடக்கும் பியாவே ஆற்றை முதலில் கடந்தவர்களில் டல் ஒருவர். தாக்கப் போகும் படைக்குக் காவலாக ஒரு குழுவை அக்கரைக்குக் கூட்டிப் போய், கடும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஒருவரையும் இழக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். ஜெனரல் லாஃபர்ட் இதை எழுத்திலேயே பாராட்டினார்.

அந்த மார்ச்சில் அவர் மறுபடி பிரான்சில். ஜெர்மானியர்களின் பெருந்தாக்குதல் தொடங்கியிருந்தது. 25ஆம் தேதி ஃபாவ்ரே அருகே பின்வாங்கும்போது குண்டடிபட்டு இறந்தார். வயது 29. லெஸ்டர் ஃபாஸ் அணியின் பழைய கோல்கீப்பர் டாம் பில்லிங்ஹாம் உடலைத் தூக்கி வர முயன்றார், முடியவில்லை. டல்லுக்குக் கல்லறை கிடையாது, அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

பிக்கார்ட் என்ற சக அதிகாரி எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார்: வால்டரை, போர்க்களத் துணிச்சலுக்குக் கொடுக்கும் மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரைத்திருந்தார்கள், அதற்கு முழுத் தகுதியும் அவருக்கு உண்டு என்று. பதக்கம் வரவில்லை. நிறம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம்; அதிகாரியாக்கியதே விதிமீறல், அதற்குப் பதக்கம் வேறா என்று யாராவது அந்தப் பரிந்துரையை ஓரமாக வைத்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. தவிர, அந்தப் பதக்கத்தை இறந்தவருக்கு வழங்கும் விதி 1979இல்தான் வந்தது. இப்போதாவது பதக்கம் கொடுங்கள் என்று கேட்பவர்களை அதையும் காட்டித்தான் அரசுத் தரப்பில் தட்டிக் கழித்து வந்திருக்கிறார்கள்.