பிரசிடெண்ட் நாற்காலி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எங்கள் ஊர் ஊராட்சி மன்ற அலுவலகத்தில் இருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு பலகை தெரிகிறதா? இதுவரை இருந்த தலைவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. பலகையில் 'தலைவர்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. "பிரசிடெண்ட் கையெழுத்து வாங்கிட்டியா?", "பிரசிடெண்ட் வீட்டுல தண்ணி வருதாமே, நமக்கு ஏன் வரல?" இப்படித்தான் பேச்சு. பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிக்கும் அது தமிழ்ச் சொல்தான்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அது லத்தீனில் இருந்து வந்தது. 'ப்ரே' என்றால் முன்னால், 'செடேரே' என்றால் உட்கார்வது. முன்னால் உட்காருபவர், அவ்வளவுதான். ஆள்வது, ஆணையிடுவது எதுவும் அந்த வேரில் இல்லை. நம் ஊர்க் கூட்ட நோட்டீசில் 'தலைமை' என்று போட்டு ஒரு பெயர் இருக்குமே, அதுதான் பழைய பிரசிடெண்ட். 1774-ல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேராளர்கள் கூடியபோது பேட்டன் ராண்டால்ஃப் அந்த அவைக்குப் பிரசிடெண்ட். அவர் நாட்டை ஆளவில்லை, கூட்டத்தை நடத்தினார். 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் பிரசிடெண்டாகப் பதவியேற்ற சமயத்தில், ராஜாக்களுக்கு இருப்பது போல நீளமான பட்டம் ஒன்றை வைக்க வேண்டும் என்று அந்நாட்டு மேலவையான செனட்டில் பேச்சு எழுந்தது. கீழவையான பிரதிநிதிகள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. பிரசிடெண்ட் என்ற எளிய சொல்லே நிலைத்தது. ஒரு பெரிய நாட்டின் அதிகாரம் அப்புறம்தான் அந்தச் சொல்லுக்குள் வந்தது.

தமிழிலோ இது ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் என்கிறோம், சில நாளிதழ்கள் ஜனாதிபதி என்று எழுதும். இலங்கையில் ஜனாதிபதிதான். அங்கே 'அதிபர்' என்றால் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். "எங்கட அதிபர் கண்டிப்பானவர்" என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னபோது, நாட்டு அரசியலைத்தான் பேசுகிறார் என்று நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நாட்டின் பிரசிடெண்ட்தான் அதிபர். சொல் ஒன்றாகவே இருந்தாலும் அதிகாரம் மாறிவிடும். இலங்கையில் 1972-ல் கோபல்லவ ஜனாதிபதி ஆனபோது அது பெரும்பாலும் சடங்குப் பதவி. 1978-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அதே பெயருள்ள பதவிக்கு வந்தபோது ஆட்சியே அவர் கையில் இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். முன்னால் உட்காருபவர் என்ற பொருளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் சண்டையே அந்த உட்காருவதற்குத்தான். மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் மக்களுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் வென்ற முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படத்தை என்னால் மறக்க முடியவில்லை. பிரசிடெண்ட் என்ற சொல்லின் வேர்ப் பொருளையே அவரிடம் இருந்து பிடுங்கியிருந்தார்கள். அப்புறம் வழக்கு, நடவடிக்கை எல்லாம் வந்தன. ஆனால் அந்தப் படம் வந்திருக்காவிட்டால்?

எங்கள் ஊரில் நான் நேரில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. எங்கள் ஊரிலும் ஓர் அக்கா ஜெயித்தார். 2020 ஜனவரி 26, முதல் கிராம சபை. பள்ளிக்கூட மரத்தடியில் சாமியானா போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில் ஒரு துண்டு விரித்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வந்து நேராக அதில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பின்னால் நின்றார். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, அன்றைக்கு எனக்கும்தான்.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி தரையில் இருந்தே சத்தம் போட்டார். "ஏப்பா, நான் ஓட்டுப் போட்டது அவளுக்கு. நீ எந்திரி."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அவர் எழுந்தார். அக்கா துண்டை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தீர்மான நோட்டை மடியில் வைத்து, முதல் தீர்மானத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். மேல்நிலைத் தொட்டிக்குப் புது மோட்டார்.