பத்து வருஷம் அட்டைக்குத்தான்

புதுவை, கடலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. அங்கே நிரந்தரமாக வாழ அனுமதிக்கும் கிரீன் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே போவதா, அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிடுவதா? கார்டை எடுத்து முன்பக்கம் பாருங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். நீங்கள் எந்த நாளிலிருந்து நிரந்தரவாசி என்பது ஒன்று, கார்டு காலாவதியாகும் நாள் மற்றொன்று. எல்லோரும் இரண்டாவது தேதியைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். முடிவெடுக்க உதவுவது முதல் தேதி.

பத்து வருஷம் என்பது அட்டையின் ஆயுள். அட்டை காலாவதியானால் நிரந்தரவாச உரிமை போய்விடாது. அட்டையில் எட்டு வருஷம் மிச்சமிருக்கும்போதே உரிமை போய்விடவும் கூடும். புதுப்பிக்கும் படிவம் ஐ-90. காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம். 2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணப்படி இணையவழியில் 415 டாலர், தாளில் அனுப்பினால் 465. விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கு ஒரு ரசீதுக் கடிதம் வரும். அதைப் பழைய கார்டோடு சேர்த்துக் காட்டினால் காலாவதித் தேதிக்கு மேல் 36 மாதம் செல்லும். கல்யாணத்தின் பேரில் வந்த இரண்டு வருஷக் கார்டுக்கு ஐ-90 பொருந்தாது, அதற்கு ஐ-751. மாற்றிப் போட்டால் பணமும் போகும், கெடுவும் தவறும்.

ஐ-90 புது அட்டை வாங்கித் தரும், அவ்வளவுதான். நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை. மகன் ஸ்பான்சர் செய்து கார்டு வாங்கிக் கொடுத்த அப்பா அம்மா லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ வீட்டைப் பூட்டாமல் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே முகம் காட்டிவிட்டு வருவார்கள். அமெரிக்காவுக்கு வெளியே தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுப் போனால் விமான நிலையத்தில் குடைந்து கேட்பார்கள். ஒரு வருஷம் ஆகிவிட்டால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே போக முடியாது. அப்படித் தங்க நேரும் என்று தெரிந்தால் கிளம்பும் முன் ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேட்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும், இங்கே வந்தபின் கேட்க முடியாது. அந்த அனுமதி அதிகபட்சம் இரண்டு வருஷம். கேள்வி முற்றினால் அதிகாரி ஐ-407 படிவத்தை நீட்டுவார். நிரந்தரவாசத்தை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை, குடிவரவு நீதிபதி முன் போகிறேன் என்று சொல்லும் உரிமை உண்டு. தூக்கக் கலக்கத்தில், மொழி புரியாமல், கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் ஆபத்து.

இங்கே ஒரு தலைகீழ் விஷயம் இருக்கிறது. கிரீன் கார்டு உங்களை அமெரிக்காவில் கட்டிப்போடுகிறது. குடியுரிமை எடுத்தவரோ, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை வாங்கிக்கொண்டு புதுச்சேரியில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். விசாவும் வேண்டாம், வெளிநாட்டவர் பதிவும் வேண்டாம். அமெரிக்க வருமான வரிக் கணக்கு மட்டும் எங்கே இருந்தாலும் விடாது. ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசைப்படுகிறவருக்குத்தான், என் கணிப்பில், குடியுரிமை அதிகம் உதவும். ஆனால் அதற்கான ஐந்து வருஷத்தை ஒழுங்காக அங்கே கழித்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். குடியுரிமை கேட்கும் படிவம் என்-400. அதைப் போட நிரந்தரவாசியாக ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு மூன்று வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவருக்கு மூன்று வருஷம். கெடு முடிவதற்கு 90 நாள் முன்பே போடலாம். கார்டில் 2021 மார்ச் 15 என்று இருந்தால், 2025 டிசம்பர் 15 முதல் போடலாம். ஒரு நாள் முந்தினாலும் விண்ணப்பம் செல்லாது. அடுத்து, அந்த ஐந்து வருஷத்தில் குறைந்தது 913 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் பாதி ஏறக்குறைய அதே 913 நாள்தான். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருப்பவர்கள் சரியாக விளிம்பில் நிற்கிறார்கள், பொங்கலுக்காகப் பத்து நாள் கூடத் தங்கினால் கணக்கு உதைக்கும். புறப்பட்ட நாளும் திரும்பிப் போய் இறங்கிய நாளும் அங்கே இருந்த நாளாகவே சேரும். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். நாள் கணக்கு சரியாக இருந்தாலும், ஒரே வெளிநாட்டுப் பயணம் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அமெரிக்க வாசத்தின் தொடர்ச்சி அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அறவில்லை என்று வீடு, வரி, குடும்பம் எல்லாம் காட்டி நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. மறுநுழைவு அனுமதி இதற்குக் கைகொடுக்காது.

என்-400 இணையவழியில் 710 டாலர். கார்டு காலாவதியாகப் போகிறதே, முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று 415 டாலர் கட்டுகிறவர்கள் இன்னும் உண்டு. 2022 டிசம்பருக்குப் பிறகு அது பெரும்பாலும் வீண் செலவு, என்-400 ரசீதே கார்டை 24 மாதம் நீட்டித்துவிடுகிறது. ஒரு விதிவிலக்கு: என்-400 போட்டால் உங்கள் முழுக் கோப்பையும் திறந்து பார்ப்பார்கள். எப்போதோ கைதாகி வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், வரிக் கணக்கில் 'நான் அமெரிக்கவாசி அல்ல' என்று காட்டியிருந்தாலும், வழக்கறிஞரைப் பார்க்காமல் போடாதீர்கள்.

குடியுரிமைக்கான தேர்வு பற்றிப் பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு குடிமையியலில், அதாவது அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றி, 128 கேள்விகள் கொண்ட பட்டியல். நேரில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியத்தில் ஒன்றைப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். வயது 50 ஆகி 20 வருஷம் கார்டு வைத்திருந்தாலோ, 55 ஆகி 15 வருஷம் வைத்திருந்தாலோ ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியலை மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தமிழிலேயே சொல்லலாம். ஆனால் 62 வயதில் கார்டு வாங்கிய அம்மாவுக்கு இந்தச் சலுகை 77-இல்தான் வரும், எழுத்துப் பழகுவதே சுருக்கு வழி.

பிள்ளைகள் விஷயத்தில் பிறந்தநாள்தான் கெடு. கிரீன் கார்டோடு அங்கே பெற்றோருடன் வாழும் பிள்ளை, 18 ஆவதற்குள் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டால் தானாகவே குடிமகன். 18 தாண்டிவிட்டால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பிள்ளையை இங்கே பாட்டியிடம் விட்டுப் படிக்கவைத்தால் இந்தத் தானாக வரும் வழி பொருந்தாது.

இனி நம் பக்கம். இந்த ஊருக்குக் குடியுரிமைப் பேச்சு புதிதில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. எழுதிக் கொடுத்த வீடும் கொடுக்காத பங்காளி வீடும் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, அங்கே உறுதிமொழி எடுத்த கணமே இங்கே குடியுரிமை முடிந்தது. ஓட்டு இல்லை. ஓ.சி.ஐ. என்பது பெயரில்தான் குடியுரிமை.

நிலம் போய்விடுமா என்பது பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களின் கவலை. இருக்கிற நிலம் போகாது. புதிதாக விவசாய நிலமோ தோப்போ வாங்க முடியாது. இந்தத் தடை, இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வாழ்கிறவருக்கும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அப்பா தன் நிலத்தை வெளிநாட்டு மகனுக்குத் தானமாக எழுதிவைக்கவும் விதி இடம் தராது. உயில் வழியாகவோ வாரிசாகவோ வரலாம். ஆகவே செட்டில்மென்ட் பத்திரம் எழுதும் முன் மகனின் நிலையைப் பத்திர எழுத்தரிடம் சொல்லுங்கள். என்-400-இல் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. இனிஷியலை விரித்து, நீளத்தைக் குறுக்கி, அழகுபடுத்தத் தோன்றும். பட்டாவிலும் பான் கார்டிலும் பழைய பெயர் இருக்கும், பிற்பாடு ஒவ்வொரு அலுவலகத்திலும் நோட்டரி கையெழுத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, உறுதிமொழிக்கு அடுத்த வாரங்கள். அன்று கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் இன்னும் கையில் வந்திருக்காது. இந்திய பாஸ்போர்ட் இருக்கும், அதில் செல்லுபடிக் காலமும் மிச்சமிருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்துவது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகுதான் ஓ.சி.ஐ. விண்ணப்பம். அதனால் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தால் உறுதிமொழிக்கும் பயணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள். திடீரென்று கிளம்ப நேர்ந்தால் அவசர பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். குடியுரிமைச் சான்றிதழின் நகல் நாலைந்து எடுத்து வைத்திருங்கள், பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அசலும் போய்விடும்.

நன்றி, வணக்கம்.